விரல்கள் முடங்கின, ஓவியம் முடங்கவில்லை!

சித்திரம் எழுதுகிறவருக்கு எது பெரிய சொத்து? கைவிரல்கள்தான்.

அந்த விரல்கள் ஒவ்வொன்றாக வளைந்து, உள்ளங்கையோடு மடங்கிப் போனால்? தோள் அசைய மறுத்தால்? கால்கள் நிற்க மறுத்தால்? இரவில் போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி வந்தால்?

இத்தனையும் ஒரே மனிதருக்கு வந்தன. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் இந்த வேதனையை அனுபவித்தார். அப்படியிருந்தும், சாகும் வரை அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

அவர் பெயர் ரெனுவார். பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற ஓவியர். உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லாம் அவருடைய படங்கள் இருக்கின்றன. சிரிக்கும் குழந்தைகள், நடனமாடும் பெண்கள், பூக்கள், பழங்கள், ஆற்றங்கரை விருந்துகள் ஆகியவைதான் அவர் வரைந்தவை. அந்தப் படங்களில் மகிழ்ச்சி பொங்கும். பார்க்கிறவர்களுக்கு, வரைந்தவர் வலியில் துடித்தவர் என்று சொன்னால் நம்ப முடியாது!

தையற்காரர் மகன்

ரெனுவார் 1841-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் லிமோஜ். பீங்கான் பாத்திரங்களுக்குப் பெயர் போன ஊர் அது.

தகப்பனார் தையற்காரர். தாயாரும் தையல் வேலை செய்தவர். ஏழைக் குடும்பம். பிழைப்புத் தேடி அவர்கள் பாரிஸ் நகருக்குக் குடியேறினார்கள். அப்போது ரெனுவார் சிறு குழந்தை.

பையன் கையில் சுண்ணாம்புக் கட்டி கிடைத்தால் போதும், தரையெல்லாம் படம் போட்டுவிடுவான். பெற்றோர் அதைக் கவனித்தார்கள். 13 வயதில் அவனை ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்த்தார்கள். கோப்பைகளிலும் தட்டுகளிலும் பூக்கள் வரைவது அவன் வேலை.

சின்னஞ்சிறு தூரிகை. வழுவழுப்பான பீங்கான். கை நடுங்கினால் கோப்பை பாழாகிவிடும். அந்த வேலையில்தான் ரெனுவாரின் விரல்கள் பழகின.

சில ஆண்டுகள் சென்றன. பீங்கான் மேல் படங்களை அச்சிடும் இயந்திரம் வந்தது. கையால் வரைகிறவர்களுக்கு வேலை போயிற்று. ரெனுவார் கலங்கவில்லை. விசிறிகளில் படம் போட்டார். ஜன்னல் திரைகளில் படம் போட்டார். காசு சேர்த்தார். 1862-ல், 21-வது வயதில், பாரிஸ் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார்.

பசியும் பரிகாசமும்

அந்த நாட்களில் அவருக்குச் சில இளைஞர்கள் நண்பர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவர் மோனே. பிற்காலத்தில் அவரும் பெரிய ஓவியர் ஆனார்.

இந்த இளைஞர்கள் அறைக்குள் உட்கார்ந்து வரையவில்லை. வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் போனார்கள். வெயில் தண்ணீரில் மின்னுவதையும், இலைகளின் நிழல் முகத்தில் விழுவதையும் அந்த இடத்திலேயே வரைந்தார்கள்.

இந்தப் புது வழியை ஊர் ஏற்கவில்லை. படங்கள் விற்கவில்லை. பல நாட்கள் வண்ணம் வாங்கப் பணம் இருக்காது. மோனேயின் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. ரெனுவார் தம் பெற்றோர் வீட்டிலிருந்து ரொட்டி எடுத்துப் போய் நண்பருக்குக் கொடுப்பார்.

1874-ல் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் காலம் மாறியது. அன்று சிரித்த உலகம் பின்னால் அதே படங்களுக்குப் பெரும் பணம் கொடுத்தது.

ரெனுவாருக்கும் நல்ல காலம் பிறந்தது. 1890-ல் அலீன் என்ற பெண்ணை மணந்தார். பியர், ழான், குளோத் என்று மூன்று பிள்ளைகள். வீட்டில் வறுமை நீங்கியது. இனி நிம்மதியாக வரையலாம் என்ற நேரத்தில்தான் அந்த நோய் வந்தது.

சைக்கிள் சறுக்கியது

1897-ம் ஆண்டு. ரெனுவாருக்கு 56 வயது. மனைவியின் சொந்தக் கிராமமான எஸ்ஸுவாவில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தார். அங்கே சைக்கிளில் சுற்றுவது வழக்கம்.

மழை பெய்த ஒரு நாள். பாதை வழுக்கியது. சைக்கிள் சறுக்கியது. ரெனுவார் கல் மேல் விழுந்தார். வலது கை எலும்பு முறிந்தது.

அந்தக் கை முறிவது அதுவே முதல் தடவை அல்ல. 1880-லும் வலது கை முறிந்தது. அப்போது இடது கையால் வரைந்து சமாளித்தார். இப்போதும் அப்படியே செய்தார். மாவுக்கட்டுப் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது.

ஆனால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் வலது தோளில் வலி கண்டது. பிறகு அது போகவே இல்லை. தோளிலிருந்து விரல்களுக்கும், விரல்களிலிருந்து கால்களுக்கும் பரவியது.

சைக்கிளிலிருந்து விழுந்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் நினைத்தார்கள். அது சரியல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நோய் தொடங்கிவிட்டது. 1896-ல் எடுத்த ஒரு போட்டோவில் அவருடைய விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. பிற்காலத்து டாக்டர்கள் அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன நோய்?

அந்த நோய்க்கு முடக்கு வாதம் என்று பெயர். நாட்டு வைத்தியர்கள் சரவாங்கி என்பார்கள்.

வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வலிப்பது வேறு; இது வேறு.

நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளோடு அது சண்டை போடும். முடக்கு வாதத்தில் அந்தக் காவல் படை வழி தவறிவிடுகிறது. நம் மூட்டுகளின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது. வீக்கம் நாளடைவில் எலும்பையும் நரம்பு போன்ற தசைநாரையும் அரிக்கிறது. விரல்கள் கோணிப் போகின்றன.

கடை மருந்தும் பேதி மருந்தும்

அந்தக் காலத்து டாக்டர்களுக்கு இந்த நோயின் மூலம் தெரியாது. தெரிந்த மருந்தைக் கொடுத்தார்கள்.

கிராமத்து டாக்டர் ஆன்டிபைரின் கொடுத்தார். ஜெர்மனியில் லுட்விக் குனோர் என்ற விஞ்ஞானி 1880-களில் கண்டுபிடித்த மருந்து அது. காய்ச்சலைக் குறைக்கும், வலியைத் தணிக்கும். அந்நாளில் ஐரோப்பாவின் மருந்துக் கடைகளில் பேர் போன சரக்கு. ரெனுவார் அதைச் சாப்பிட்டார். சற்று வலி அடங்கும். பிறகு மறுபடியும் வரும்.

இன்னொரு டாக்டர் பேதி மருந்து கொடுத்தார். குடலைச் சுத்தம் செய்தால் வாதம் இறங்கும் என்பது அக்கால நம்பிக்கை. ரெனுவார் அதையும் விடாமல் சாப்பிட்டார். பலன் இல்லை.

வெந்நீர் ஊற்றுகளில் குளித்தால் நல்லது என்றார்கள். எக்ஸ்-லெ-பேன், பூர்போன் முதலிய ஊர்களுக்குப் போய்க் குளித்தார். குளிக்கும்போது இதமாக இருந்தது. நோய் மட்டும் நிற்கவில்லை.

அதே ஆண்டில் ஆஸ்பிரின்!

ரெனுவார் சைக்கிளிலிருந்து விழுந்த அதே 1897-ம் ஆண்டில், ஜெர்மனியில் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. பேயர் கம்பெனியில் வேலை பார்த்த பெலிக்ஸ் ஹாப்மன் என்ற இளைஞர் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி ஒரு வெள்ளைப் பொடியைச் சுத்தமாகத் தயாரித்தார். அதுதான் ஆஸ்பிரின். 1899-ல் அது அந்தப் பெயரில் வெளிவந்தது.

ஹாப்மனின் தகப்பனாருக்கும் மூட்டு வாதம் என்றும், அவருக்காகவே மகன் இதைத் தேடினார் என்றும் ஒரு கதை உண்டு. அதே கம்பெனியில் இருந்த ஐக்கன்குருன் என்பவர், வழி காட்டியது நானே என்று பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார்.

பெருமை யாருக்குச் சேர்ந்தாலும் சரி, உலகத்தில் வலி தீர்க்கும் மாத்திரைகளின் காலம் அப்போதுதான் தொடங்கியது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம்; வாயில் போடலாம்; ஒரு மணி நேரத்தில் வலி குறையும். ஏழைக்கும் எட்டும் விலை.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. வீட்டில் தீப்பிடித்தால் மணி அடிக்கிறது. மணியை நிறுத்துவது வேறு. தீயை அணைப்பது வேறு. வலி மாத்திரை மணியை நிறுத்தும். முடக்கு வாதம் என்ற தீயை அதனால் அணைக்க முடியாது. ரெனுவாரின் உடம்பில் அந்தத் தீ உள்ளே எரிந்துகொண்டே இருந்தது.

மூன்று பந்துகள்

மருந்து கைவிட்டது. ஆனால் ரெனுவார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தாமே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். அதுதான் விளையாட்டு!

சிறிய தோல் பந்துகள் மூன்று வைத்திருந்தார். தினமும் காலையில் வேலைக்கு உட்காருமுன், வித்தைக்காரர்கள் செய்வது போல, மூன்றையும் மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிப்பார். பத்து நிமிஷம் இந்தப் பயிற்சி நடக்கும். பந்து கீழே விழுந்தால் வருத்தப்படமாட்டார். குனிந்து எடுக்கவேண்டும், முழங்காலை மடக்கவேண்டும், மூலையில் ஓடியதைத் தேடவேண்டும். அதுவும் நல்ல பயிற்சிதானே!

பில்லியர்ட்ஸ் ஆடினார். மனைவி அலீன் எதிராளி. மேசை மேல் குனிந்தும் வளைந்தும் ஆடும்போது முதுகும் தோளும் அசையும்.

நோய் முற்றியது. பந்தைப் பிடிக்க விரல்கள் திறக்கவில்லை. ரெனுவார் ஒரு சிறு மரத்துண்டை வழவழப்பாகச் செதுக்கி வைத்துக்கொண்டார். அதைத் தூக்கி எறிந்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிப் பிடித்தார். அதுவும் முடியாமல் போன பிறகுதான் பயிற்சியை விட்டார்.

மூட்டை அசைக்காமல் வைத்தால் அது இறுகிப் பூட்டிக்கொள்ளும். அளவான அசைவு வேண்டும். இன்றைய மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள்.

ஒலிவ மரத் தோட்டம்

வடக்கே குளிர் அதிகம். குளிரில் வலி கூடியது. ஆகவே ரெனுவார் குடும்பத்தோடு தென்கடலோரம் போனார். காஞ் என்ற ஊரில் வெயில் இதமாக அடிக்கும்.

அந்த ஊருக்கு அருகே லெ கொலெத் என்று ஒரு தோட்டம். அதில் பல நூறு ஆண்டுகள் வயதான ஒலிவ மரங்கள் நின்றன. அவற்றை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார் ரெனுவார். மனம் பொறுக்கவில்லை. 1907-ல் தோட்டத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்! மரங்கள் பிழைத்தன.

அங்கே வீடு கட்டினார். தோட்டத்தின் நடுவே, கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சிறு கூடமும் கட்டினார். வெளியே காற்று அடித்தாலும், உள்ளே உட்கார்ந்தபடி வெயிலையும் மரங்களையும் பார்த்து வரையலாம்.

சில அடிகள் நடந்தார்!

முதலில் ஒரு கைத்தடி. பிறகு இரண்டு. பிறகு கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோல்கள். கடைசியில், 1912 வாக்கில், சக்கர நாற்காலி வந்தது.

மனைவிக்கு மனம் கேட்கவில்லை. ஒரு பெரிய டாக்டரை வரவழைத்தார். அவரை நடக்க வைக்கிறேன் என்று அந்த டாக்டர் உறுதி கொடுத்தார். சத்தான ஆகாரம் கொடுத்து உடம்பைத் தேற்றினார். பிறகு ஒரு நாள், ரெனுவாரைக் கைப்பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

பல மாதங்களாக நிற்காத மனிதர் நின்றார்! வீட்டில் இருந்தவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். டாக்டர் கையை விட்டார். ரெனுவார் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். படம் வைத்திருந்த சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நாற்காலிக்கே திரும்பி வந்தார்.

எல்லோருக்கும் ஆனந்தம். ஆனால் ரெனுவார் சொன்ன முடிவு அவர்களைத் திடுக்கிட வைத்தது. நடப்பதற்குத் தம் பலம் முழுவதும் செலவாகிவிடுகிறது, வரைவதற்கு மிச்சம் இல்லை என்றார். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், தமக்கு ஓவியம் போதும் என்றார். டாக்டருக்கு நன்றி சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அதன்பின் அவர் நடக்கவே இல்லை.

மகன் ழான் 1962-ல் வெளியிட்ட நூலில் இந்த நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்.

கையில் கட்டிய தூரிகையா?

ரெனுவாரின் கையில் தூரிகையைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அது உண்மையல்ல.

கையில் துணி சுற்றியிருந்தது உண்மை. அதற்குக் காரணம் வேறு. விரல்கள் உள்ளே மடங்கியதால், நகங்கள் உள்ளங்கையைக் குத்தின. தோல் மென்மையாகி, தூரிகைக் காம்பு பட்டாலே புண்ணாகும் நிலை. ஆகவே தினமும் கையில் பவுடர் தூவி, மெல்லிய துணியைச் சுற்றுவார்கள். பிறகு ஒருவர் தூரிகையை எடுத்து, மடங்கிய விரல்களுக்கு இடையே வைப்பார். ரெனுவார் அதை இறுகப் பற்றிக்கொள்வார். பற்றியது அவரே, வரைந்ததும் அவரே.

வீட்டில் வேலை பார்த்த காப்ரியேல் என்ற பெண் பல ஆண்டுகள் இந்தப் பணிவிடையைச் செய்தார். கடைசி மகன் குளோத்தும் செய்தான். 1915-ல் சாஷா கித்ரி என்ற நாடகக் கலைஞர் ரெனுவார் வரைவதைச் சினிமாப் படமாக எடுத்தார். சிறுவன் பக்கத்தில் நிற்பதும், கிழவர் வளைந்த கையால் விரைந்து வரைவதும் அதில் தெரிகின்றன. அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

பெரிய படத்தின் மேல் பகுதிக்குக் கை எட்டாது. அதற்கும் ஒரு யுக்தி செய்தார்கள். படத் துணியை உருளைகளில் சுற்றினார்கள். உருளையைச் சுழற்றினால், வேண்டிய பகுதி ரெனுவாரின் கை அருகே இறங்கி வரும். அவர் அசைய வேண்டியதில்லை, படமே அசைந்தது!

இரவு படுக்கையில் போர்வை பட்டால் வலிக்கும். அதனால் கட்டிலின் மேல் ஒரு கம்பிக் கூண்டு வைத்து, அதன் மேல் போர்வையைப் போட்டார்கள்.

நோயாளியின் வலியை மருந்து பாதி தீர்க்கும். மீதியை வீட்டார்தான் தீர்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொருவர் கைகள்

தூரிகை பிடிக்கவே கை இல்லை. இந்த நிலையில் சிலை செய்ய ஆசைப்பட்டார் ரெனுவார்!

1913-ல் ரிஷார் கினோ என்ற இளம் சிற்பி வந்து சேர்ந்தார். ரெனுவார் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கோலால் சுட்டிக் காட்டுவார். இங்கே குறை, அங்கே கூட்டு என்பார். கினோவின் கைகள் களிமண்ணில் அதைச் செய்யும். இருவரும் சேர்ந்து பல சிலைகள் செய்தார்கள்.

அவை ரெனுவார் பெயரிலேயே விற்றன. பிற்காலத்தில் கினோ தம் பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1973-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றம், கினோவும் அந்தச் சிலைகளின் ஆசிரியரே என்று முடிவாக ஏற்றது. உழைத்த கைகளுக்கு நீதி கிடைத்தது.

போர் கொடுத்த அடி

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. மூத்த பிள்ளைகள் பியரும் ழானும் போர்முனைக்குப் போனார்கள். பியருக்குக் கையில் பெருங்காயம். ழானுக்குக் காலில் குண்டு பாய்ந்தது. காலை எடுத்துவிடவேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

தாய் அலீனுக்கு அப்போது நீரிழிவு நோய். அதைப் பொருட்படுத்தாமல் மகன் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார். காலை எடுக்கக் கூடாது என்று போராடினார். கால் பிழைத்தது. ஆனால் வீடு திரும்பிய தாய் பிழைக்கவில்லை. 1915-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி அவர் காலமானார்.

உடம்பு வலிக்கு மேல் மன வலி! ஆயினும் ரெனுவாரை மறுபடியும் வண்ணப் பலகை முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அவர் வரைந்தார்.

கால் பிழைத்த ழான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சினிமா டைரக்டர் ஆனார். வங்காளத்துக்கு வந்து, கங்கைக் கரையில் ஒரு படம் எடுத்தார். 1951-ல் வெளிவந்த அந்தப் படத்தில், சென்னை அடையாறு கலாக்ஷேத்திராவில் நாட்டியம் பயின்ற ராதா நடித்தார். பிற்காலத்தில் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கியவர் அவரே.

கடைசி ஆண்டு

1919-ல் ரெனுவாருக்கு 78 வயது. உடம்பு எலும்பும் தோலுமாக இளைத்துவிட்டது. அந்த ஆண்டில் அவரைப் பாரிசுக்கு அழைத்துப் போனார்கள். லூவர் கலைக்கூடத்தில், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கூடமாகக் காட்டினார்கள். சிறு வயதில் அந்தக் கட்டிடத்தின் பக்கத்துத் தெருவில் விளையாடிய தையற்காரர் மகன், இப்போது பல்லக்கில் வரும் அரசர் போல அதற்குள் போனார்!

அதே காலத்தில் ஒரு பெரிய படத்தையும் முடித்தார். குளித்துவிட்டுப் புல்தரையில் இளைப்பாறும் பெண்களின் படம் அது. இன்று பாரிஸ் ஓர்சே கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் ஒரு மூலையிலாவது வலி தெரிகிறதா என்று தேடினாலும் கிடைக்காது.

1919-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ந் தேதி, நுரையீரல் சுரத்தால் அவர் காலமானார். கடைசி நாளன்றும் தூரிகை கேட்டு வாங்கிப் பூக்கள் வரைந்தார் என்று குடும்பத்தார் சொல்வதுண்டு. அவர் உடல் மனைவியின் கிராமமான எஸ்ஸுவாவில் அடக்கமாகி இருக்கிறது.

இன்று இந்த நோய் வந்தால்?

ரெனுவார் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன. 1948-ல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற டாக்டர், கார்டிசோன் மருந்தை முடக்கு வாத நோயாளிக்குக் கொடுத்தார். படுத்திருந்தவர் எழுந்து நடந்தார். ஆனால் நெடுநாள் கொடுத்தால் அதில் தீமைகளும் உண்டு என்று பின்னால் தெரிந்தது. இப்போது மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் நோயின் வேகத்தையே அடக்குகின்றன. அது வழக்கமாக வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது.

இந்த மருந்துகள் விரல்கள் கோணிப்போகும் முன்பே தொடங்கவேண்டும். கோணிய பிறகு நிமிர்த்துவது கடினம்.

ஆகவே வீட்டில் உள்ளவர்கள் இந்த அடையாளங்களைக் கவனிக்கவேண்டும்: காலையில் எழுந்ததும் விரல்கள் அரைமணி, ஒருமணி நேரம் இறுகிப் பிடித்துக்கொள்வது, இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்குவது, இது 6 வாரங்களுக்கு மேல் நீடிப்பது. இப்படி இருந்தால் கடை மாத்திரையோடு நாளைக் கடத்தாதீர்கள். டாக்டரிடம் போங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

சாதாரண மூட்டுவலிக்குக் கடை மருந்து உதவும். பாரசிட்டமால் நல்ல மருந்துதான். ஆனால் பெரியவர்களுக்கும் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக்கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டே சாப்பிடவேண்டும். ஆஸ்பிரின் இனத்து மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். வெறும் வயிற்றில் கூடாது. சிறுநீரக நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் சாப்பிடக் கூடாது. காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

தைலம் தடவினால் இதமாக இருக்கும். புண் மேலும் கண் அருகிலும் படவிடக் கூடாது. தடவிய இடத்தில் உடனே சூடான ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துவிடும்.

மூன்றே நாளில் வாதம் பறக்கும் என்று சொல்லி விற்கும் பெயரில்லாத பொடிகளை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் கார்டிசோன் இனத்து மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நாற்காலி இருக்கிறது

காஞ் ஊரில் ரெனுவார் வாழ்ந்த வீடு 1960-ல் பொருட்காட்சி சாலை ஆயிற்று. அவர் வரைந்த கூடம் அங்கே அப்படியே இருக்கிறது. சக்கர நாற்காலி இருக்கிறது. படச் சட்டம் இருக்கிறது. வெளியே, அவர் காப்பாற்றிய ஒலிவ மரங்கள் வெயிலில் இலைகளை அசைத்துக்கொண்டு நிற்கின்றன.

ரெனுவாருக்கு நல்ல மருந்து கிடைக்கவில்லை. ஆனால் தினசரிப் பயிற்சி இருந்தது. அன்பான குடும்பம் இருந்தது. மனதுக்குப் பிடித்த வேலை இருந்தது. இந்த மூன்றையும் கொண்டு 20 ஆண்டுகளுக்கு மேல் வலியோடு மல்லுக்கு நின்றார். இன்று நமக்கு அந்த மூன்றோடு நல்ல மருந்தும் இருக்கிறது. காலத்தில் தேடிப் போவதுதான் நம் பொறுப்பு.